மோலார் நிறையைக் கண்டுபிடிப்பது எப்படி: வெற்றிலைச் சுண்ணாம்பிலிருந்து ரப்பர் பால் வரை

ஒரு சேர்மம் ஒரு மோல் இருந்தால் அது எத்தனை கிராம் இருக்கும்? அந்த விடைதான் மோலார் நிறை. அலகு கிராம்/மோல். இதைக் கண்டுபிடிக்கக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும் என்று படிவம் 4 பிள்ளைகளிடம் பொதுவாகச் சொல்வார்கள். சூத்திரம் கையில் இருக்கும்வரை அது சரி. சூத்திரம் தெரியாத ஒரு வெள்ளைத் தூளையோ நிறமில்லாத வாயுவையோ கொடுத்துக் கேட்டால், தராசு, வெப்பமானி, பியூரெட் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் குழாய்) எல்லாம் வேண்டியிருக்கும். இந்த இரண்டு வழிகளையும் இங்கே பார்க்கலாம்.

மலேசியாவின் பினாங்கில் இரசாயன டியூஷன் எடுக்கிறேன் என்பதால் எஸ்.பி.எம். (இங்கே படிவம் 5 முடிவில் எழுதும் தேர்வு) பாடத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கட்டுரையின் பின்பாதி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் படிப்பவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும். வினாத்தாளில் மோலார் நிறை மலாய் மொழியில் ‘ஜிசிம் மோலார்’ என்று வரும். ‘ஜிசிம் அத்தோம் ரெலாதிஃப்’ என்று வந்தால் அது சார்பு அணு நிறை. பிள்ளைகள் எந்த மொழியில் தேர்வு எழுதினாலும் சரி, ஒருமுறை தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இந்தக் கணக்கு மனத்தில் நிற்கிறது. பல ஆண்டுகளாக வகுப்பில் நான் கண்டது இது.

முதலில் மோல்

மோல் ஓர் எண்ணிக்கை: 6.02214076 × 10²³. இந்த எண்ணையே மோலின் வரையறையாக 2019 மே 20 முதல் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பு, 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உண்டோ அத்தனை என்பது வரையறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே, பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பவர்கள் கவலைப்பட வேண்டாம்.

அணுக்களை யாராலும் எண்ணி எடுக்க முடியாது, எடைபோட மட்டுமே முடியும். வங்கியில் ஒரு மூட்டை 20 சென் காசைக் கொட்டினால், மொத்த எடையை ஒரு காசின் எடையால் வகுத்து எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். மோலார் நிறையை வைத்து நாம் செய்வதும் அதேதான்:

மோல் எண்ணிக்கை = நிறை (கிராம்) ÷ மோலார் நிறை (கிராம்/மோல்)

சார்பு அணு நிறைக்கு அலகு கிடையாது. ஓர் அணு, கார்பன்-12 அணுவின் 12இல் ஒரு பங்கைப்போல எத்தனை மடங்கு என்று சொல்லும் எண் அது. மோலார் நிறைக்கு அலகு உண்டு. எண் ஒன்றாகவே இருந்தாலும், ‘40’ என்று எழுதுவதும் ‘40 கிராம்/மோல்’ என்று எழுதுவதும் தேர்வில் ஒன்றாகாது.

அட்டவணையிலிருந்து எண்ணை எடுப்பது

தனிம வரிசை அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள் இருக்கும். சிறியது அணு எண், அது எப்போதும் முழு எண். நமக்கு வேண்டியது பெரியது. இந்தக் கட்டுரையில் நான் பயன்படுத்தும் மதிப்புகள் இவை: ஹைட்ரஜன் 1.008, கார்பன் 12.011, நைட்ரஜன் 14.007, ஆக்சிஜன் 15.999, அலுமினியம் 26.982, கந்தகம் 32.06, குளோரின் 35.45, பொட்டாசியம் 39.098, கால்சியம் 40.078, செம்பு 63.546, வெள்ளீயம் 118.71.

குளோரினுக்கு மட்டும் ஏன் 35.45 என்று பாதியில் நிற்கும் எண் என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இயற்கையில் கிடைக்கும் குளோரினில் நூற்றுக்கு 75.76 பங்கு குளோரின்-35, மீதி 24.24 பங்கு குளோரின்-37. ஒரே தனிமத்தின் இப்படி நிறை வேறான வகைகளுக்கு ஐசோடோப்பு என்று பெயர். முதல்வகை அணுவின் நிறை 34.969, இரண்டாம்வகை 36.966. பங்கின்படி பெருக்கிக் கூட்டுங்கள்:

34.969 × 0.7576 = 26.493
36.966 × 0.2424 = 8.961
மொத்தம் 35.45

ஆக, 35.45 எடையுள்ள குளோரின் அணு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அது சராசரி. ஒரு மோலில் இருப்பது கோடி கோடி அணுக்கள் என்பதால் அந்தச் சராசரி பிசகாமல் பொருந்துகிறது. நிறை நிறமாலைமானியைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி தேவைப்படும்.

எத்தனை தசமத்தோடு எடுப்பது? தேர்வு என்றால், வினாவிலேயே கொடுத்திருக்கும் மதிப்பு எதுவோ அதுதான். எஸ்.பி.எம். தாளில் ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 16, செம்பு 64 என்றபடி முழுமையாக்கிக் கொடுப்பார்கள். அதைத் தள்ளிவிட்டு மனப்பாடமான 63.5ஐப் போட்டால், விடைத்தாளில் இருக்கும் எண்ணோடு உங்கள் எண் ஒட்டாது. ஆய்வகம் என்றால் உங்கள் தராசு எத்தனை இலக்கம் காட்டுகிறதோ அதைவிட ஓரிரு இலக்கம் கூடுதலாக வைத்துக் கணக்குப் போட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை முழுமையாக்குங்கள். நடுவில் முழுமையாக்கிக்கொண்டே போனால் பிழை சேர்ந்துகொண்டே வரும்.

சூத்திரத்தை விரித்து எழுதுவது

மோலார் நிறை தப்பினால், பெரும்பாலும் தப்பியது கூட்டல் இல்லை, சூத்திரத்தைப் படித்த விதம். அதனால் கால்குலேட்டரைத் தொடும் முன் ஒரு வேலை செய்யச் சொல்வேன்: சூத்திரத்தில் என்னென்ன அணு, ஒவ்வொன்றும் எத்தனை என்று ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரி சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சந்தைக் கணக்குதான்.

பத்துமலையிலிருந்து தொடங்கலாம். அந்தக் குன்று சுண்ணாம்புப் பாறை, அதாவது பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதன் வரி: கால்சியம் 1, கார்பன் 1, ஆக்சிஜன் 3.

40.078 + 12.011 + (3 × 15.999) = 100.086 கிராம்/மோல்

இப்போது லிட்டில் இந்தியாவில் வெற்றிலையில் தடவித் தரும் சுண்ணாம்பு. அது கால்சியம் ஹைட்ராக்சைடு. இதன் சூத்திரத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஓர் அடைப்புக்குள் இருக்கும், அடைப்புக்கு வெளியே கீழே 2 என்று நிற்கும். அந்த 2 அடைப்புக்குள் இருக்கும் எல்லாருக்கும் சேரும். வரி: கால்சியம் 1, ஆக்சிஜன் 2, ஹைட்ரஜன் 2.

40.078 + (2 × 15.999) + (2 × 1.008) = 74.092 கிராம்/மோல்

இந்த இரண்டு எண்ணுக்கும் உறவு உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு (44.009) வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு (56.077) மிஞ்சும். 44.009ஐயும் 56.077ஐயும் கூட்டிப் பாருங்கள், 100.086 வரும். நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் (18.015) ஊற்றினால் 74.092. அதாவது நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல் முழுவதும் வெந்தால் 56 கிலோ நீற்றாத சுண்ணாம்பும், அதை நீற்றினால் 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பும் கிடைக்கும். சூளை வைத்திருப்பவருக்கு இது லாப நஷ்டக் கணக்கு, நமக்கு நம் விடைகள் ஒன்றையொன்று சரிபார்க்கும் வழி.

அடைப்பு இரண்டு தடவை பெருக்க வைக்கும் இடம்தான் ஆபத்தானது. உரமாகப் போடும் அம்மோனியம் சல்பேட்டை எடுங்கள். அம்மோனியம் தொகுதியில் நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 4. அப்படி இரண்டு தொகுதி. எனவே நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, ஆக்சிஜன் 4. ஹைட்ரஜனை 4 என்றோ 6 என்றோ எழுதுபவர்கள் நிறையப் பேர்: பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிடுகிறார்கள் அல்லது வெளியே நிற்கும் எண்ணை மறந்துவிடுகிறார்கள்.

28.014 + 8.064 + 32.06 + 63.996 = 132.134 கிராம்/மோல்

அடுத்து நீரேற்ற உப்புகள். மயில்துத்தம் என்று நாம் சொல்லும் நீல நிறச் செம்பு சல்பேட்டின் சூத்திரத்தில், நடுவில் ஒரு புள்ளி வைத்து ஐந்து நீர் மூலக்கூறு எழுதியிருக்கும். கணிதப் பாடத்தில் புள்ளி என்றால் பெருக்கல், இங்கே அது ‘கூடவே இருக்கிறது’ என்ற பொருளில் வருகிறது. கூட்டத்தான் வேண்டும். முன்னால் நிற்கும் 5, நீர் முழுவதையும் பெருக்கும்.

செம்பு சல்பேட் மட்டும்: 63.546 + 32.06 + 63.996 = 159.602
ஐந்து நீர்: 5 × 18.015 = 90.075
மொத்தம்: 249.677 கிராம்/மோல்

ஆய்வகத்தில் இது வெறும் ஏட்டுக் கணக்காக நிற்காது. 0.1 மோல் செம்பு சல்பேட் கரைசலுக்கு நீல உப்பை எடுத்துக்கொண்டு, 16 கிராம் நிறுத்துப் போட்டால் கரைசல் நீங்கள் நினைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு செறிவுதான் இருக்கும். வேண்டியது 25 கிராம். பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் ‘நீரற்ற’ என்றிருக்கிறதா, ‘பென்டாஹைட்ரேட்’ என்றிருக்கிறதா என்று பார்க்காமல் கரண்டியை உள்ளே விடக்கூடாது. தாளிலேயே மோலார் நிறையும் அச்சிட்டிருக்கும், உங்கள் கணக்கை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மேலே சொன்ன எல்லாம் ஒன்றாக வருவது படிகாரத்தில். பொட்டாசியம் 1, அலுமினியம் 1, சல்பேட் தொகுதி 2, நீர் 12. தனித்தனியாகப் போட்டால் பயமில்லை: 39.098 + 26.982 = 66.080. சல்பேட் ஒன்று 96.056, இரண்டு 192.112. நீர் பன்னிரண்டு 216.180. மொத்தம் 474.372 கிராம்/மோல். ஒரு சூத்திரம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இப்படித் தொகுதி தொகுதியாக உடைத்தால் அடங்கிவிடும்.

இரண்டு சின்ன விஷயங்கள். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஏழும் தனித்திருக்கும்போது ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும். ‘ஆக்சிஜன் வாயு’ என்று கேட்டால் 32, ‘ஆக்சிஜன் அணு’ என்று கேட்டால் 16. இன்னொன்று, சமன்பாட்டில் ஒரு பொருளுக்கு முன்னால் நிற்கும் எண் மோலார் நிறையைத் தொடாது. சமன்பாடு இரண்டு நீர் என்று சொன்னாலும் நீரின் மோலார் நிறை 18.015தான்.

உர மூட்டையும் ஈயக் கல்லும்

கிடைத்த எண் சரியா என்று எப்படித் தெரியும்? எனக்குப் பிடித்த வழி, அந்த எண்ணை வைத்து நூற்று வீதம் கண்டுபிடித்து வெளியுலகத்தோடு ஒப்பிடுவது. யூரியாவின் வரி: கார்பன் 1, ஆக்சிஜன் 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4. மோலார் நிறை 60.056. நைட்ரஜன் பங்கு 28.014 ÷ 60.056, அதாவது 46.6 விழுக்காடு. யூரியா மூட்டையில் நைட்ரஜன் 46 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பார்கள். அம்மோனியம் சல்பேட்டுக்கு அதே கணக்கு 21.2 தரும், மூட்டையில் 21 இருக்கும். ஹைட்ரஜனை 6 என்று எடுத்தவருக்கு 21.5 வரும். அந்த அளவுப் பிழையை மூட்டை காட்டிக்கொடுக்காது, ஆகவே முதல் வரியை எழுதும்போதே கவனம் வேண்டும். ஆனால் நைட்ரஜனை ஒன்று என்று எடுத்தவர் உடனே மாட்டிக்கொள்வார்.

1857இல் அம்பாங் பக்கம் வெள்ளீயம் தோண்டப் போனவர்களால் உருவான ஊர் கோலாலம்பூர். அங்கே தோண்டியெடுத்த தாது காசிடரைட், அதாவது வெள்ளீயம் 1, ஆக்சிஜன் 2. மோலார் நிறை 118.71 + 31.998 = 150.708. இதில் வெள்ளீயம் 78.8 விழுக்காடு. எவ்வளவு சுத்தமாகக் கழுவி எடுத்த தாதுவாக இருந்தாலும், ஒரு டன்னிலிருந்து 788 கிலோவுக்கு மேல் வெள்ளீயம் வராது. உருக்கும் ஆலை தாதுவுக்கு விலை பேசுவதற்கு முன்னால் இந்த உச்சவரம்பைத் தெரிந்துவைத்திருக்கத்தான் வேண்டும்.

சூத்திரம் தெரியாதபோது

ஒரு பொருளைப் பகுத்துப் பார்த்து, கார்பன் 1, ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1 என்ற விகிதம் கிடைக்கிறது என்று வையுங்கள். இது ஃபார்மால்டிஹைடாக இருக்கலாம் (30), அசிட்டிக் அமிலமாக இருக்கலாம் (60), குளுக்கோஸாகவும் இருக்கலாம் (180). விகிதம் மூன்றுக்கும் ஒன்றே. எது என்று முடிவு செய்வது மோலார் நிறை, அதுவும் அளந்து பெற்ற மோலார் நிறை.

இந்தச் சிக்கல் இரசாயனத்தையே அரை நூற்றாண்டு திணறடித்தது. நீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்று ஆங்கிலேய அறிஞர் டால்டன் எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்ததால் ஆக்சிஜனின் அணு நிறை 8 என்று பலர் வைத்திருந்தார்கள். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம கனஅளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ 1811இல் சொன்னதைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டில் இன்னோர் இத்தாலியரான கன்னிசாரோ அதை எடுத்து வாதாடிய பிறகுதான் அணு நிறைகள் ஒழுங்குக்கு வந்தன. இன்று அட்டவணையில் சும்மா எடுத்துக்கொள்ளும் 15.999க்குப் பின்னால் இவ்வளவு பேரின் உழைப்பு இருக்கிறது. மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

வாயுவாக இருந்தால்

அவகாட்ரோவின் வழியே எளிது. வாயுவின் நிறை, கனஅளவு, வெப்பநிலை, அழுத்தம் நான்கையும் அளந்தால் போதும். பள்ளி ஆய்வகத்தில் லைட்டரில் இருக்கும் பியூட்டேனை வைத்துச் செய்யலாம். எளிதில் தீப்பற்றும் வாயு என்பதால் பக்கத்தில் சுடர் எதுவும் இருக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஆசிரியர் கூடவே நிற்க வேண்டும்.

லைட்டரை முதலில் தண்ணீரில் முக்கி எடுத்து, உதறி, துணியால் துடைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். ஏன் முன்கூட்டியே முக்க வேண்டும்? சோதனை முடிந்து வெளியே எடுக்கும்போது சக்கர இடுக்கில் தண்ணீர் தங்கும். முதல் எடையும் அதே நிலையில் எடுத்ததாக இருந்தால் அந்தத் தண்ணீர் இரண்டிலும் கழிந்துவிடும். பிறகு தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த அளவுஜாடிக்குள் வாயுவை விடுங்கள். ஜாடியை மேலும் கீழும் நகர்த்தி, உள்ளே இருக்கும் நீர்மட்டமும் வெளியே இருக்கும் நீர்மட்டமும் ஒன்றாகும்போது கனஅளவைப் படியுங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமம்.

மாதிரிக்கு ஒரு கணக்கு: குறைந்த எடை 0.53 கிராம், கனஅளவு 240 கனசென்டிமீட்டர், தண்ணீரின் வெப்பம் 30 டிகிரி, காற்றழுத்தம் 101.0 கிலோபாஸ்கல். ஜாடிக்குள் பியூட்டேனோடு நீராவியும் இருக்கிறது. 30 டிகிரியில் அதன் அழுத்தம் 4.2 கிலோபாஸ்கல். கழித்தால் பியூட்டேனின் பங்கு 96.8. கீழே வரும் 8.314 வாயு மாறிலி, 303.15 என்பது 30 டிகிரியின் கெல்வின் மதிப்பு, 0.240 என்பது லிட்டரில் கனஅளவு.

மோல் = (96.8 × 0.240) ÷ (8.314 × 303.15) = 0.00922
மோலார் நிறை = 0.53 ÷ 0.00922 = 57.5 கிராம்/மோல்

சூத்திரப்படி பியூட்டேன் 58.12. ஒரு விழுக்காடுதான் வித்தியாசம். இப்போது நீராவியைக் கழிக்காமல் போட்டுப் பாருங்கள், 55.1 வரும். ‘அறை நிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர்’ என்ற பாடப்புத்தக மதிப்பை அப்படியே போட்டால் 53. 22.4 லிட்டர் என்று போட்டால் 49.5. மின்விசிறி சுற்றினாலும் வேர்க்கும் நம் ஊர் ஆய்வகத்தில் 30 டிகிரியில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய 24.9 லிட்டர் பிடிக்கும். 22.4 என்பது 0 டிகிரிக்கு உரியது. தேர்வில் எந்த மதிப்பைக் கொடுக்கிறார்களோ அதைப் போடுங்கள், ஆய்வகத்தில் வெப்பமானியைப் பாருங்கள். லைட்டருக்குள் கொஞ்சம் புரொப்பேனும் (44) கலந்திருந்தால் விடை இன்னும் சற்று இறங்கும். ஐசோபியூட்டேன் கலந்திருந்தால் மாறாது, அதன் மோலார் நிறையும் 58.12தான்.

அமிலமாக இருந்தால்

புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் தூய படிகம் 0.300 கிராம் எடுத்து நீரில் கரைத்து, ஃபினாப்தலின் (காரம் மிஞ்சினால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) சில துளி விட்டு, 0.100 மோல்/லிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடை பியூரெட்டிலிருந்து விட்டால் 39.8 கனசென்டிமீட்டரில் இளஞ்சிவப்பு நிற்கிறது என்று வைப்போம். காரத்தின் அளவு 0.00398 மோல். இங்கே பலர் 0.300ஐ நேராக அதனால் வகுத்து 75 என்று எழுதிவிடுவார்கள். ஒரு டார்டாரிக் அமில மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜனைக் கொடுக்கும். எனவே அமிலம் 0.00199 மோல், மோலார் நிறை 150.8. சூத்திர மதிப்பு 150.09.

எத்தனை ஹைட்ரஜனைக் கொடுக்கும் என்று தெரியாத அமிலமாக இருந்தால், இப்படி பியூரெட்டிலிருந்து காரம் விட்டு அளக்கும் டைட்ரேஷன் மட்டும் முழு விடையைத் தராது. 75ஆ, 150ஆ, 225ஆ என்று முடிவு செய்ய வேறொரு முறையும் கூட வேண்டும்.

சோடியம் ஹைட்ராக்சைடைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பினாங்குக் காற்றில் அதன் குருணைகளைத் தட்டில் கொட்டிச் சில நிமிடம் வைத்தாலே நீரை இழுத்துப் பளபளக்கத் தொடங்கும், கரியமில வாயுவையும் இழுக்கும். நிறுத்துக் கரைத்ததை வைத்து ‘0.100’ என்று நம்பாமல், பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் (204.22) போன்ற நிலையான பொருளோடு டைட்ரேட் செய்து உண்மையான செறிவைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

கற்பூர முறை

ஒரு தூய பொருளில் வேறொன்றைக் கரைத்தால் அது உருகும் வெப்பநிலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எண்ணிக்கை தெரிந்தால் மோல் தெரியும், மோல் தெரிந்தால் மோலார் நிறை தெரியும். தண்ணீரில் ஒரு கிலோவுக்கு ஒரு மோல் கரைத்தால் 1.86 டிகிரிதான் இறங்கும். அதே கணக்கில் கற்பூரம் சுமார் 40 டிகிரி இறங்கும். இதைப் பிடித்துக்கொண்டு கார்ல் ராஸ்ட் 1922இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். துல்லியமான வெப்பமானி இல்லாத ஆய்வகத்திலும் மில்லிகிராம் அளவுப் பொருளை வைத்து மோலார் நிறையைக் கண்டுபிடிக்க அது வழிசெய்தது. தைப்பூசத்தன்று தட்டில் எரியும் அதே கற்பூரம்தான்: கார்பன் 10, ஹைட்ரஜன் 16, ஆக்சிஜன் 1, மோலார் நிறை 152.24.

செய்யும் விதம்: கற்பூரத்தையும் பொருளையும் நிறுத்து ஒரு சிறு குழாயில் போட்டு, மூடி, ஒன்றாக உருக்கிக் கலக்க வேண்டும். ஆறியதும் பொடித்து, நுண்குழாயில் அடைத்து, உருகும் வெப்பநிலையை அளக்க வேண்டும். கற்பூரம் சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும் என்பதால் நீண்ட நேரம் சூடாக்கக்கூடாது, புகைக் கூண்டுக்குள் செய்ய வேண்டும். பூஜைக் கடை வில்லையை அப்படியே நம்பக்கூடாது, அதன் தூய்மை நமக்குத் தெரியாது. ஆய்வகக் கற்பூரமாக இருந்தாலும் முதலில் அது தனியாக எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று அளந்துகொள்ளுங்கள், தூயதாக இருந்தால் 175 முதல் 180 டிகிரிக்குள் இருக்கும்.

0.500 கிராம் கற்பூரத்தில் 0.050 கிராம் தெரியாத பொருளைக் கலந்ததில் 31 டிகிரி இறங்கியது என்றால்:

மோலார் நிறை = (40 × 0.050 × 1000) ÷ (0.500 × 31) = 129 கிராம்/மோல்

அலமாரியில் போடும் பாச்சை உருண்டையின் நாப்தலின் 128.17. அந்தப் பொருள் நாப்தலினாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த முறையில் ஐந்து விழுக்காடு வரை பிசகு வருவது சகஜம். ஆனால் விகிதச் சூத்திரம் கார்பன் 5, ஹைட்ரஜன் 4 (64) என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால், 64ஆ 128ஆ 192ஆ என்று முடிவு செய்ய அந்தப் பிசகு தடையே இல்லை.

தண்ணீரில் உப்பைக் கரைத்து இதே முறையைச் செய்தால் 58.44க்குப் பதில் 29 பக்கத்தில் விடை வரும். கரைந்ததும் உப்பு சோடியம், குளோரைடு என்று இரண்டு துகளாகப் பிரிந்துவிடுவதே காரணம். சோதனை எண்ணுவது துகள்களை, சூத்திரத்தை இல்லை.

நிறை நிறமாலைமானி

இன்றைய ஆய்வகங்கள் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, மின்புலத்திலோ காந்தப்புலத்திலோ விட்டு, அவற்றின் நிறையை நேராகவே படித்துவிடுகின்றன. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை உடையாமல் மின்னூட்டும் வழிகளுக்காக ஜான் ஃபென்னும் கோய்ச்சி தனாகாவும் 2002இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கருவி காட்டும் எண்ணும் அட்டவணையைக் கூட்டிப் பெற்ற எண்ணும் அப்படியே ஒன்றாக இருக்காது. குளோரின் வாயுவின் மோலார் நிறை 70.90. கருவியில் மூலக்கூறுக்கான சிகரங்கள் 70, 72, 74 என்ற இடங்களில், ஏறக்குறைய 9:6:1 உயரத்தில் நிற்கும். 71இல் ஒன்றும் இருக்காது. கருவி ஒவ்வொரு மூலக்கூறாகப் பார்க்கிறது, நாம் தராசில் பார்ப்பது சராசரியை. பல்கலைக்கழகத்துக்குப் போய் அறிக்கை எழுதும்போது, கிராம் கணக்குக்குச் சராசரியையும் சிகரத்தை அடையாளம் காண ஐசோடோப்பு நிறையையும் பயன்படுத்துங்கள்.

ரப்பருக்கு ஒரே மோலார் நிறை உண்டா?

நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் எழுந்து போய் வெட்டிய பாலில் இருப்பது ஐசோப்ரீன் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. ஓர் அலகில் கார்பன் 5, ஹைட்ரஜன் 8, அதாவது 68.119. ஒரு சங்கிலியில் ஆயிரக்கணக்கான அலகுகள் இருக்கும், ஒவ்வொரு சங்கிலியும் ஒவ்வொரு நீளம். எனவே ரப்பரின் மோலார் நிறை என்று யார் சொன்னாலும் அது ஒரு சராசரி, இலட்சக் கணக்கில் வரும் எண். இப்படிப்பட்ட ராட்சத மூலக்கூறுகள் உண்டு என்று 1920இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஸ்டாடிங்கர் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கற்பூர முறை இங்கே உதவுமா? உதவாது. மோலுக்கு 3 இலட்சம் கிராம் உள்ள ரப்பரை லிட்டருக்கு 5 கிராம் கரைத்தால், துகள்களின் எண்ணிக்கை மிகமிகக் குறைவு. பென்சீனின் உறைநிலைகூட பத்தாயிரத்தில் ஒரு பங்கு டிகிரிதான் இறங்கும். அதே கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தத்தை, அதாவது கரைப்பானை மட்டும் விடும் சவ்வு வழியே கரைப்பான் கரைசலுக்குள் வராமல் தடுக்க வேண்டிய அழுத்தத்தைக் கணக்கிட்டால் (3 இலட்சம் கிராம் என்பது 300 கிலோ):

அழுத்தம் = (5 ÷ 300) × 8.314 × 303.15 = 42 பாஸ்கல்

டொலுவீன் கரைசலில் இது சுமார் 5 மில்லிமீட்டர் உயரம், நல்ல கருவி இருந்தால் படித்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு செறிவில் அளந்து நிறுத்தினால் விடை தவறாக வரும், ஏனென்றால் நீண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. நான்கைந்து செறிவுகளில் அளந்து, அழுத்தத்தைச் செறிவால் வகுத்து, வரைபடத்தில் செறிவுக்கு எதிராகக் குறித்து, கோட்டைப் பூச்சியச் செறிவு வரை நீட்டுங்கள். கோடு அச்சைத் தொடும் இடத்து மதிப்பை வைத்து மோலார் நிறையைக் கணக்கிட்டு, அது எண்ணிக்கைச் சராசரி (மொத்த நிறையைச் சங்கிலிகளின் எண்ணிக்கையால் வகுத்தது) என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். பாகுநிலையை அளந்தோ ஒளிச்சிதறலை அளந்தோ பெறும் சராசரி அதைவிடப் பெரிதாக இருக்கும்.